பொடியை விட்ட வெங்கிட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில், பட்டர் என்று அங்கே சொல்லப்படும் தமிழ் பிராமணர் வீடுகளில் கல்யாணமோ பூணூலோ நிச்சயமானால், ஜோசியரைப் பார்த்த கையோடு வெங்கிட்டுவையும் பார்த்துவிடுவார்கள். முழுப்பெயர் வெங்கிடேஸ்வரன். அந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. தமிழ் பேசுகிறவர்களுக்கு வெங்கிட்டு, மலையாளிகளுக்கு வெங்கிட்டு ஸ்வாமி. நெட்டையாக, ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்து இருப்பார். இவரா ஊருக்கே சமைக்கிறவர் என்று புதியவர்கள் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இலையில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்த பிறகு அந்தச் சந்தேகம் யாருக்கும் வராது.

அவர் சமையலில் ருசி பார்க்கிற வழக்கமே கிடையாது. நிவேதனம் ஆகிற வரை ஒரு துளி கூட யார் நாக்கிலும் படக்கூடாது. வார்ப்பு என்கிற பெரிய வெண்கலப் பாத்திரத்தில் சாம்பார் கொதிக்கும்போது ஆவியை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். உப்பு போதுமா, புளி பச்சை வாசனை அடிக்கிறதா, பெருங்காயம் இன்னும் வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு முகர்தலில் அவருக்குத் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் அந்த மூக்கு நிறையப் பொடி.

அப்பாவோடு சமையலுக்குப் போக ஆரம்பித்த வயதிலேயே பொடி வந்துவிட்டது. ஈர விறகின் புகையில் கண்ணும் மூக்கும் எரிந்தபோது கூட இருந்த ஒரு பெரியவர், "ஒரு சிமிட்டா போட்டுக்கோடா, புகை தெரியாது" என்று நீட்டினார். புகை தெரியவில்லை. அன்று பிடித்தது. காலையில் கண் விழித்ததும் பாயில் உட்கார்ந்தபடியே ஒரு சிட்டிகை. அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒன்று, தாளிப்பதற்கு முன் ஒன்று. சமையல்கட்டுக்குள் மட்டும் போடமாட்டார். பின்பக்கம் கிணற்றடிக்குப் போய், மடியில் செருகியிருக்கும் டப்பியைத் திறந்து, போட்டுக்கொண்டு, தும்மல் வந்தால் தும்மி, கைகால் முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். "அத்திம்பேர் கிணத்தடிக்குப் போயிட்டு வந்தார்னா இனி தாளிப்புதான்" என்று மச்சினன் செல்லப்பா கடுகை எடுத்து வைப்பான். செல்லப்பா வெங்கிட்டுவின் மனைவி காமாக்ஷியின் தம்பி. காதோரம் நரைத்த பிறகும் அத்திம்பேருக்கு உதவியாகவே இருந்தான்.

பொடி வாங்குவது படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் முகமது இஸ்மாயில் கடையில். இஸ்மாயிலின் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் விற்றாலும் அந்தக் கடைக்குப் பேர் பொடிக்கடைதான். கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கும். வேலையில்லாத நாட்களில் சாயங்காலம் வெங்கிட்டுவை அங்கே பார்க்கலாம். வெலிங்டன் தீவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு வந்து சேரும். இஸ்மாயில் வாழைச்சருகில் பொடியை மடித்துக்கொண்டே துறைமுகத்துச் செய்தியெல்லாம் சொல்வார். அவருக்கு இவர் சாமி. இவருக்கு அவர் பாய்.

எழுபத்து நான்காம் வருஷம் ஒரு முகூர்த்த நாளில், காளன் என்கிற தயிர்க் குழம்புக்கு அரைத்து வைத்திருந்த தேங்காய் விழுதை வெங்கிட்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விழுதின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் இன்னொன்று. மூக்கில் கை வைத்தார். ரத்தம்.

வேறு யாரும் பார்க்கவில்லை. கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினால் விஷயம் முடிந்தது. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றார்.

"செல்லப்பா, அந்த அரைப்பைக் கொண்டுபோய்க் கொட்டிடு."

"எந்த அரைப்பு? இதா? என்னத்துக்கு அத்திம்பேரே? வெண்ணெய் மாதிரி இருக்கே!"

"கொட்டுடான்னா கொட்டு."

அப்போதுதான் செல்லப்பா நிமிர்ந்து துண்டைப் பார்த்தான். அரைப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். திரும்பத் தேங்காய் உடைத்து, துருவி, அரைத்து, காளன் இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டார் இலை போடச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். காரணத்தைப் பெண்ணின் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, மூக்கில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வெங்கிட்டு மண்டபத்துப் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மீதிச் சமையலை வாயால் சொன்னார், செல்லப்பா செய்தான்.

மறுநாள் காமாக்ஷி அவரை டாக்டர் குருவிளாவிடம் அழைத்துப் போனாள். டாக்டர் தலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"உள்ள தோலே இல்லையல்லோ ஸ்வாமி, முழுக்கப் புண்ணு. இனி பொடி வேண்டா."

"கொறைச்சுண்டா போறுமா?"

"கொறைக்கணும்னு சொல்லலை. வேண்டா."

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்றுதான் வெங்கிட்டுவுக்குத் தோன்றியது. ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருக்கிறவர். ஊருக்கெல்லாம் பிரதமன் பாயசம் காய்ச்சிவிட்டு ஒரு வாய் குடிக்காமல் வீட்டுக்கு வருகிறவர். ஒரு சிட்டிகைப் பொடி எம்மாத்திரம்? வீட்டுக்கு வந்ததும் டப்பியைக் காமாக்ஷியிடம் கொடுத்து, "எங்கேயாவது எனக்குத் தெரியாம வெச்சுக்கோ" என்றார். அவள் நம்பாமல்தான் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கண் விழித்தார். கை தானாக இடுப்புக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பி வந்தது. சரி, எழுந்திருக்கலாம் என்று நினைத்தார். எழுந்திருக்க முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. பொடி போட்ட பிறகுதான் எழுந்திருப்பது என்று இத்தனை வருஷமாக இருந்துவிட்டதால், போடாமல் எப்படி எழுந்திருப்பது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருக்கலையா?" என்று காமாக்ஷி எட்டிப் பார்த்தாள்.

"எழுந்துண்டுதானே இருக்கேன்!" என்று எரிந்து விழுந்தார்.

அன்று முழுக்க அப்படித்தான். பேப்பர் படிக்க உட்கார்ந்தால் கை இடுப்புக்குப் போகிறது. யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கை போகிறது. இத்தனை காலமும் பொடி போடுகிற அந்த நேரத்தில்தான் யோசித்திருக்கிறோம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. டப்பியைத் திறந்து, விரலால் எடுத்து, உதறி, உறிஞ்சுவதற்குள் பதில் தயாராகிவிடும். இப்போது கேள்வி வந்ததும் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியிருந்தது.

காமாக்ஷி ஏலக்காய் கொடுத்தாள். சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். வாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் துப்பிவிட்டார். ஒருநாள் பூஜை அறையில் ரொம்ப நேரமாக ஆளைக் காணோமே என்று அவள் போய்ப் பார்த்தபோது, சம்புடத்திலிருந்து விபூதியை எடுத்து மூக்கில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ பகவானே! சுவாமி விபூதின்னா அது!"

"நெத்திக்கு இட்டுக்கறச்சே கொஞ்சம் மூக்குல போயிடுத்து" என்றார் வெங்கிட்டு, மூக்கு நுனி வெள்ளையாக. காமாக்ஷிக்குக் கோபம் வரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். பொடியை விட்ட பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

எப்படியோ நாட்கள் நகர்ந்தன. ஒரு காலையில் வெங்கிட்டு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கிருந்தோ இஞ்சி வாசனை வந்தது. பச்சை இஞ்சியல்ல, காய்ந்த சுக்கு. கூடவே மிளகு, சாக்கு, ஈரச் சாக்கில் எண்ணெய், கால்வாய்ச் சேறு, எங்கோ கருவாடு. பஜாரின் சரக்குக் கிட்டங்கிகள் அவர் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் வாசனை அவருக்குத் தெரிந்ததே இல்லை.

"காமாக்ஷி, இந்த வாசனை என்னிக்கும் உண்டா?"

"எந்த வாசனை?"

"இந்தச் சுக்கு, மொளகு..."

"எனக்குக் கல்யாணமாயி இங்கே வந்த அன்னிலேர்ந்து உண்டு" என்றாள் அவள்.

குழந்தை மாதிரி இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்தார். யூதத்தெருவில் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று மூச்சை இழுத்தார். குஜராத்திகள் தெருவில் நெய் காய்ச்சும் வாசனைக்காக மெதுவாக நடந்தார். பொடி போனால் போகட்டும், இது பெரிய லாபம் என்று தோன்றியது.

அந்த லாபம் அடுத்த கல்யாணத்தில் அவரைக் கவிழ்த்துவிட்டது.

சாம்பார் கொதித்தபோது வழக்கம்போல ஆவியை முகர்ந்தார். பெருங்காயம் முகத்தில் அறைந்தது. கரைத்து வைத்திருந்ததில் பாதியைத்தான் விட்டிருந்தார். அதற்கே இந்த நெடியா? போதும் என்று நிறுத்திவிட்டார். புளியும் ஏறின மாதிரி இருந்தது, அதையும் குறைத்தார். ரசத்துக்குத் தாளித்த மிளகு சீரகத்தில் கண்ணே கலங்கியது. அவருக்குத் தெரிந்த வரை அன்று எல்லாமே தூக்கலாகத்தான் இருந்தது.

பந்தியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாம்பார் மீந்தது. வெங்கிட்டுவின் சாம்பார் வார்ப்பில் மீந்து செல்லப்பா அதுவரை பார்த்ததில்லை.

அதற்கடுத்த பூணூலில் பெரியவர் ஒருவர் கை கழுவிக்கொண்டே, "வெங்கிட்டுக்கு உடம்பு சுகமில்லையோ? பத்தியச் சமையல் மாதிரின்னா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆவணியில் இரண்டு வீட்டார் எர்ணாகுளத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

செல்லப்பா தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டான். "அத்திம்பேரே, பெருங்காயத்தை ஏன் கொறைக்கறேள்?"

"கொறைக்கலையேடா. மூக்கைத் தொளைக்கறதே!"

"எனக்கு வாசனையே வரலை."

வெங்கிட்டு அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு அவருக்கு மெல்ல விளங்கியது. பொடி அடைத்த மூக்குக்கு எட்டுகிற அளவில்தான் அவர் இத்தனை வருஷமும் பெருங்காயம் போட்டிருக்கிறார். ஊருக்குப் பிடித்துப்போன ருசி அந்த மூக்கு போட்ட கணக்கு. இப்போது முகத்தில் இருப்பது வேறு ஒருவன் மூக்கு.

அன்று சாயங்காலம் இஸ்மாயில் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொடியை விட்ட பிறகும் அங்கே போவதை அவர் விடவில்லை. போட மாட்டேன், சும்மா பேசிக்கொண்டிருப்பேன் என்று தனக்கே ஒரு ஏற்பாடு. இஸ்மாயில் யாருக்கோ பொடி மடித்தார். காற்றில் அந்த வாசனை வந்தது. புது மூக்கு அதை எட்டு மடங்காக வாங்கிக்கொண்டது.

"பாய், ஒரு மட்டை கொடும்."

"விட்டுட்டீங்கன்னு சொன்னீங்களே சாமி?"

"பொழைப்பு போறது பாய்."

போட்டதும் கண்ணில் நீர் வந்தது. தும்மினார். உலகம் பழையபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. சுக்கு வாசனை போய்விட்டது. அடுத்த கல்யாணத்தில் சாம்பார் மீந்துபோகவில்லை. "வெங்கிட்டு கை திரும்பிடுத்து" என்றார்கள். டாக்டர் குருவிளாவைத் தெருவில் கண்டால் மட்டும் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. அவ்வப்போது ரத்தம் வரும். துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வார், நின்றுவிடும். ஒருநாள் எர்ணாகுளம் பிராட்வேயில் சாமான் வாங்கிக்கொண்டு படகில் திரும்பும்போது வந்த ரத்தம் மட்டும் நிற்கவில்லை. மேல்துண்டு நனைந்து, வேஷ்டியும் நனைந்தது. படகில் இருந்தவர்கள் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கி டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டர் திட்டவில்லை. மூக்குக்குள்ளிருந்து சின்னதாக ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வருகிற வரை காமாக்ஷி ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். வெங்கிட்டு கேட்டதற்கு, பசிக்கவில்லை என்றாள். கெட்ட வியாதி இல்லை என்று முடிவு வந்தது. "இந்தத் தடவை இல்லை. அடுத்த தடவை எனக்கு அறியாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்து படி இறங்கும்போது காமாக்ஷி சொன்னாள்: "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பொடி போட்டாலும் போடலைன்னாலும் உங்க இஷ்டம். ஆனா எனக்குத் தெரியாம போடாதேங்கோ. போட்டா வந்து சொல்லிடுங்கோ."

அவள் அழுதிருந்தால் அவர் சத்தியம் செய்திருப்பார். செய்த சத்தியத்தை மீறவும் மீறியிருப்பார். அவள் இப்படிச் சொன்னதில் அவருக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று.

இரண்டாவது தடவை விட்டபோது அவருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஏகாதசி விரதம் அவருக்குச் சுலபமாக இருந்ததே, ஊரில் எல்லோரும் அன்று விரதம் என்பதாலும் மறுநாள் துவாதசி வந்துவிடும் என்பதாலும்தான். பொடியை விட்டவனுக்கு மறுநாள் என்று ஒன்று வருவதில்லை. ஆகவே அவர் தன்னை நம்பவில்லை. பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லையா, பாயில் படுப்பதையே விட்டு ஒரு கயிற்றுக்கட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டார். மடியில் கை போகிறதா, அங்கே ஒரு ருத்ராக்ஷ மாலையைச் செருகிக்கொண்டார். கை போனால் வெறுமனே திரும்பாது. கிணற்றடிக்கு இவர் எழுந்தால் கூடவே செல்லப்பாவும் வந்து நிற்பான்.

இஸ்மாயில் கடைப் பக்கம் போகவே இல்லை. ஜெட்டிக்குப் போக வேண்டுமென்றால் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பொடியை நினைத்துத் தவித்ததைவிடச் சாயங்காலங்கள்தான் அவரை அதிகம் படுத்தின. பேச ஆளில்லை. வாசலில் நிற்பார், உள்ளே வருவார், மறுபடி வாசலுக்குப் போவார்.

ஒரு மத்தியானம் இஸ்மாயிலே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சாமி, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"ஐயய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை பாய்."

"பின்னே? என் கடையைக் கண்டா சந்துல நுழைஞ்சு போறீங்களாம். மூட்டை தூக்குற சுமட்டுக்காரங்க வந்து சொல்றாங்க. எனக்குச் சங்கடமா இருக்கு."

வெங்கிட்டு எல்லாவற்றையும் சொன்னார். படகில் வந்த ரத்தம், டாக்டர் எடுத்த துண்டு, காமாக்ஷி பட்டினி கிடந்தது. இஸ்மாயில் நின்றபடியே கேட்டார்.

"இதை முன்னமே சொல்லக்கூடாதா? நான் பொடி விக்கிறவன்தான் சாமி, நானே பொடியா?"

"உம்மைப் பார்த்தா எனக்கு அதுதான் ஞாபகம் வர்றது பாய். நான் என்ன பண்ணட்டும்?"

இஸ்மாயில் படியில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து, சாயங்காலம் ஜெட்டியின் சிமெண்டுத் திண்டில் வெங்கிட்டு தனியாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். இஸ்மாயில். குளித்திருந்தார். பெருநாளுக்கு எடுத்தது மாதிரி மடிப்புக் கலையாத சட்டை. சந்தன சோப்பு வாசனை அடித்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தாராம்.

கப்பல்களைப் பற்றிப் பேசினார்கள். பேச்சுக்கு நடுவில் இஸ்மாயில் கையை வீசி ஏதோ காட்டும்போது, நகக்கண்ணிலிருந்து சோப்பையும் மீறிக்கொண்டு அந்தப் பொடி வாசனை வந்தது. வெங்கிட்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இஸ்மாயில் கையை மடியில் அடக்கி வைத்துக்கொண்டார். பேச்சு மறுபடி கப்பல்களுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு அவர்கள் சந்திப்பெல்லாம் ஜெட்டியில்தான்.

வேலை மட்டும் சரியாகவில்லை. மூக்கு திறந்துகொண்டதும் கை மறுபடி அடங்கிப்போயிற்று. மூக்கு வேண்டாம் என்று சொன்னதற்கு மேல் போட அவருக்கு மனசு வரவில்லை. போட்டால், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒருமுறை பெருங்காயம் தாங்காமல் குழந்தைகள் முகத்தைச் சுளித்தன. பெரிய கல்யாணங்களை அவரே வேண்டாமென்று சொல்ல ஆரம்பித்தார். சின்னச் சின்ன சிராத்தச் சமையல்களோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஜூனில் பிடித்த இடவப்பாதி மழையில் அவருக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்தது. மூக்கு இரண்டும் இறுக அடைத்துக்கொண்டது. காமாக்ஷிக்கும் காய்ச்சல் என்பதால் அன்று அவரே வீட்டில் சாம்பார் வைத்தார். எதுவும் தெரியாமல், கை போன போக்கில் வைத்தார். காமாக்ஷி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பொடி போட்டேளா?"

"இல்லை. ஏன்?"

"நெஜமா?"

"மூச்சே விட முடியலை, பொடியை எங்கேர்ந்து போடறது? ஏன் கேக்கறே?"

"இது பழைய சாம்பார்" என்றாள் காமாக்ஷி.

வெங்கிட்டு கரண்டியைக் கீழே வைத்தார். பழைய அளவு கையில் அப்படியே இருக்கிறது. குறுக்கே வந்து கெடுப்பது இந்த மூக்கு. அதன் வாயை அடைத்தால் போதும்.

சளி போன பிறகு ஒருநாள் ஈரத்துண்டை நாலாக மடித்து மூக்கைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். காமாக்ஷி சாப்பிட்டுப் பார்த்து, "கொஞ்சம் உப்பு முன்னாடி நிக்கறது" என்றாள். அடுத்த நாள் அதுவும் சரியாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியலக்ஷ்மி வந்தாள். அவள் கல்யாணத்துக்குச் சமைத்தவர் வெங்கிட்டு. இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். வெங்கிட்டு முதலிலேயே தன் நிலைமையைச் சொல்லிவிட்டார்.

"மூக்கைக் கட்டிண்டுதான் சமைக்கணும். சரிப்பட்டு வரலாம், வராமலும் போகலாம். நன்னா யோசிச்சுக்கோ."

"நீங்க கண்ணைக் கட்டிண்டு வேணும்னாலும் சமையுங்கோ மாமா. எனக்கு அந்த சாம்பார் வேணும்."

கல்யாணத்தன்று, மூக்கும் வாயும் மறைய ஈரத்துண்டு கட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்துச் செல்லப்பா, "கொள்ளையடிக்க வந்தாப்ல இருக்கேள்" என்றான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வெங்கிட்டு சிரிக்கவில்லை. பெருங்காயத் தண்ணீரை எடுத்து, கை எங்கே நிற்கிறதோ அதுவரை விட்டார். ஆவியை முகரவில்லை. அப்படி முகராமல் நிற்பது அவருக்குப் பொடியை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் பந்தி முடிந்ததும் செல்லப்பா காலி வார்ப்பைச் சாய்த்துக் காட்டினான்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. எண்பத்து மூன்றில் காமாக்ஷிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெங்கிட்டு. பக்கத்தில் அவரைப் போலவே காத்துக்கொண்டிருந்த ஒரு சேட்டன் டப்பியைத் திறந்து, தான் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, முகம் தெரியாதவரிடம் காட்டும் பரிவோடு இவர் பக்கமும் நீட்டினார். வெங்கிட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் போட்டுவிட்டோம் என்று தெரிந்தது. வருஷக்கணக்காக விட்டிருந்தது ஒரு நொடிக்குக் கூடத் தடையாக நிற்கவில்லை.

காமாக்ஷி கண் விழித்துப் பேசுகிற நிலைக்கு வந்ததும், "போட்டுட்டேன்" என்றார்.

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நன்னா இருந்துதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரொம்ப நன்னா இருந்தது."

"இருக்கும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக்கு வந்து எழுந்து நடமாடுகிற வரை அவர் பொடி போட்டார், தினமும் அவளிடம் சொல்லிவிட்டுப் போட்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அந்த எழுந்திருக்க முடியாத காலைகள், அந்த எரிந்து விழுதல், அந்த வெறுங்கை. முன்னே இரண்டு தடவை செய்தது எந்த விதத்திலும் சலுகை தரவில்லை. பழகின வழி என்பதால் எங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எண்பத்து ஐந்து வாக்கில் பெரிய அடுப்புகளின் முன் நிற்க முடியாமல் வேலையைச் செல்லப்பாவிடம் ஒப்படைத்தார். செல்லப்பாவுக்கு மூக்கைக் கட்ட வேண்டிய அவசியமில்லை. பல வருஷங்கள் பக்கத்தில் நின்று அளவைக் கண்ணாலேயே பிடித்து வைத்திருந்தான். அவன் தனியாக எடுத்த முதல் கல்யாணத்தில் வெங்கிட்டுவைக் கட்டாயப்படுத்திப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சமையல்கட்டிலிருந்து வராமல், துண்டு கட்டாமல், மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து அவர் சாப்பிட்ட முதல் விருந்து அது.

செல்லப்பாவே சாம்பார் வாளியோடு வந்தான். அவர் இலையில் விட்டுவிட்டு, போகாமல் நின்றான். வெங்கிட்டு பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பெருங்காயம் உச்சந்தலை வரை ஏறியது. புளியில் கன்னம் இழுத்தது. பக்கத்து இலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப் பந்தியில் யாரோ இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார்கள்.

"எப்படி அத்திம்பேரே?"

"அசல்" என்றார் வெங்கிட்டு. "ஒரு மாத்து கொறையலை."

செல்லப்பா முகம் மலர அடுத்த இலைக்கு நகர்ந்தான். அவன் வரிசையின் கோடிக்குப் போகிற வரை காத்திருந்துவிட்டு, வெங்கிட்டு பிசைந்த சாதத்தை இலையின் ஓரமாக மெல்ல ஒதுக்கினார். மோர் கொண்டுவந்த ஆளைக் கை காட்டிக் கூப்பிட்டு, "எனக்குக் கொஞ்சம் வெறும் சாதம் போட்டு, நெறைய மோர் விடப்பா" என்றார்.